மாலை யாருக்கு?

(நெய்வேலி நகரியத்தில், மழைக்காலத் தொண்டில் ஈடுபட்ட மாணவர்களைப் பாராட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாராட்டிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். பாராட்டத்தான் வந்திருக்கிறேன். பாராட்டைக் குறைத்துப் பேச வந்தவன் என்று யாரும் என்னை எண்ணிவிட வேண்டாம். பரவனாற்றிலே வெள்ளம் புரண்டோடியபோது, தாழ்ந்த பகுதிக் குடிசைகளிலே முழங்கால் அளவு தண்ணீர் ஏறி நின்றபோது, கட்டிலையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் தலைமேல் தூக்கிக்கொண்டு ஏழை மக்கள் நின்றபோது, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஓடினார்கள். நடக்க முடியாத முதியவரை முதுகிலே சுமந்தார்கள். சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு, இருட்டிலே, சேற்றிலே, வீடு வீடாகச் சென்றார்கள். ‘யார் வீட்டுப் பிள்ளைகள் நீங்கள்?’ என்று கேட்டவர்களுக்கு, ‘உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்’ என்று விடை சொன்னார்களாம். அந்தச் சொல்லுக்கு எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் தகும்!

இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி நாடு என்ன பேசுகிறது? தெருமுனையிலே நான்கு பேர் சேர்ந்து நின்றால், ‘வெட்டிப் பயல்கள்’ என்கிறது. உரக்கச் சிரித்தால் காலிகள் என்கிறது. பள்ளிக்கு ஒரு நாள் போகாவிட்டால் உருப்படாதவர்கள் என்கிறது. ஏச்சையே கேட்டுக் கேட்டு வளரும் பருவம் அது. அந்தப் பருவத்திலே, ஊர் கூடி ஒரு நல்ல வார்த்தை சொன்னால், அது காய்ந்த நிலத்திலே விழுந்த மழை. ஆகவே, உங்கள் தோளிலே கிடக்கும் அந்த ஆடையை நான் பறிக்க வரவில்லை தம்பிகளே! அது உங்களுடையது. உழைத்துப் பெற்றது.

ஆனால், மேடைக்கு வரும் வழியிலே ஒரு கேள்வி என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது. அந்தக் கேள்வியை இங்கே வைக்காமல் பேச்சை முடித்தால், நான் பாதி உண்மை பேசியவன் ஆவேன்.

ஒரு பெண் கேட்ட கேள்வி

பந்தலின் பக்கத்திலே, தாயோடு நின்றுகொண்டிருந்தாள் ஒரு மாணவி. பதினேழு வயது இருக்கும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். வணக்கம் சொன்னாள். சொல்லிவிட்டு, மெல்லிய குரலிலே கேட்டாள்: “ஐயா, பொட்டலம் கொடுத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். பொட்டலம் கட்டியவர்களுக்கு?”

திகைத்துவிட்டேன். எத்தனையோ கூட்டங்களிலே எதிர்க்கட்சி நண்பர்கள் சீட்டு எழுதி அனுப்பிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், விடை சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு உடனே விடை வரவில்லை.

விசாரித்தேன். அந்த மூன்று நாட்களும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, அரிசி களைந்து, வெங்காயம் உரித்து, உலை வைத்து, வடித்து, இலை நறுக்கிப் பொட்டலம் கட்டியவர்கள் இந்த வட்டத்துத் தாய்மார்களும் அவர்தம் பெண்மக்களும். அந்தப் பெண்ணும் அவர்களிலே ஒருத்தி. “நீ ஏனம்மா வெள்ளப் பகுதிக்குப் போகவில்லை?” என்று கேட்டேன். “அம்மா அனுப்பவில்லை ஐயா. அனுப்பினால் ஊர் பேசும் என்று பயப்படுகிறார்கள்” என்றாள். “நீந்தத் தெரியுமா?” என்றேன். “எனக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது. ஆனால் தம்பி போனான்” என்றாள்.

தோழர்களே! அந்தத் தம்பி இப்போது முன்வரிசையிலே, தோளிலே ஆடையோடு அமர்ந்திருக்கிறான். நல்ல பிள்ளை. நீந்தத் தெரியாமலே நீரில் இறங்கிய நெஞ்சுரம் கொண்ட பிள்ளை. அவனைப் பாராட்டுகிறோம். நீந்தத் தெரிந்தவள் அடுப்படியிலே இருந்தாள். அவளை மறந்துவிட்டோம். இதுதான் இன்றைய கூட்டத்தின் கணக்கு.

இளைஞர்களைப் பாராட்டுவது பெண்களுக்கு இழைக்கும் அநீதியா? இப்படிக் கேட்டால் இருவகை விடை வருகிறது. ஒரு சாரார், “இதிலே என்ன அநீதி? தொண்டு செய்தான், பாராட்டுகிறோம். இதிலும் ஆண் பெண் கணக்கா?” என்று சலித்துக்கொள்கிறார்கள். மற்றொரு சாரார், “அப்படியானால் பாராட்டையே நிறுத்திவிடுங்கள், வம்பு இல்லை” என்கிறார்கள். முன்னவர் கேள்வியையே மறுக்கிறார். பின்னவர், பசித்தவனுக்குச் சோறு போடச் சொன்னால், உண்டவன் இலையைப் பிடுங்கச் சொல்கிறார். இரண்டும் விடையல்ல.

ஒரே வேலை, இரண்டு பெயர்

அநீதி எங்கே இருக்கிறது? பொன்னாடையிலே இல்லை, நாம் பேசும் பேச்சிலே இருக்கிறது. மகன் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருகிறான். “எவ்வளவு பொறுப்பான பிள்ளை! தாய்க்கு எவ்வளவு உதவி!” என்கிறது தெரு. மகள் பத்துக் குடம் எடுத்து வருகிறாள். தெரு திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் அவள் எடுத்து வராவிட்டால் மட்டும், “வயதுக்கு வந்த பெண்ணை எப்படி வளர்த்திருக்கிறார்கள் பாருங்கள்!” என்று கேட்கிறது. அவன் செய்தால் உதவி. அவள் செய்தால் கடமை. அவன் செய்யாவிட்டால் குற்றமில்லை. அவள் செய்யாவிட்டால் மன்னிப்பில்லை. அவனுக்குச் செய்ததற்குப் பாராட்டு உண்டு. அவளுக்கோ செய்யாததற்கு ஏச்சு மட்டுமே உண்டு. ஒரே குடம், ஒரே தண்ணீர், நிறுவைக் கல் மட்டும் இரண்டு!

பெரியார் அவர்கள் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலிலே, கற்பு என்ற சொல்லையே எடுத்துத் தராசிலே வைத்தார். ஒழுக்கம் என்றால் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா, ஒருவருக்கு மட்டும் எப்படி விலங்காயிற்று என்று ஆராய்ந்தார். அதே ஆராய்ச்சியைக் கடமை என்ற சொல்லுக்கும் நாம் செய்ய வேண்டும். பெண்ணின் வேலைக்குக் கடமை என்று பெயர் சூட்டிய அன்றே, அதற்கு நன்றி சொல்லும் பொறுப்பிலிருந்து நாம் தப்பித்துக்கொண்டோம்.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணுவீர்களானால், சர்க்காரின் கணக்கையே தருகிறேன். இந்திய நாட்டு மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019ஆம் ஆண்டிலே தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஓர் ஆய்வு நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிலே, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்டவர்கள், பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். ஈடுபட்டவர்கள் செலவிட்ட நேரம், பெண்களுக்கு 299 நிமிடம். ஆண்களுக்கு 97 நிமிடம். ஒரு நிமிடம் குறைய ஐந்து மணி நேரம்! நாள்தோறும் ஐந்து மணி நேரம்! விடுமுறை இல்லை, ஊதிய உயர்வு இல்லை, பணி ஓய்வு விழா இல்லை. வெள்ளம் வந்த மூன்று நாள் தொண்டுக்குப் பொன்னாடை. வெள்ளம் வராத மற்ற நாட்களின் தொண்டுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

நிற்காத பம்பு

நெய்வேலி மக்களுக்கு இதை விளக்க நான் தொலைதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் காலடி மண்ணே சொல்லும்.

1930களிலே, ஜம்புலிங்க முதலியார் அவர்களின் நிலத்திலே கிணற்றுக்காகத் துளையிட்டபோது, தண்ணீரோடு கருநிறப் பொருள் வந்தது. அதற்கு முன்பு அந்த நிலக்கரி இல்லையா? இருந்தது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1956இலே நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் பண்டித நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டு மாதத்திலே. நான்கு ஆண்டுகள் மேல்மண்ணை அகற்றிய பிறகுதான், அடியிலே இருந்த செல்வம் வெளிச்சத்தைக் கண்டது. அடுத்த ஆண்டே மின்சாரம் பிறந்தது.

இன்று வெளியூர் உறவினர் வந்தால் நீங்கள் எதைக் காட்டுகிறீர்கள்? மண்ணை வாரி வாரிக் கொட்டும் அந்த இராட்சதச் சக்கர எந்திரத்தைக் காட்டுகிறீர்கள். பிள்ளைகள் வியந்து வாய் பிளக்கிறார்கள். ஆனால் சுரங்கத்திலே பணியாற்றும் தோழர்களுக்குத் தெரியும்: நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலே, பேரழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. மேலே உள்ள மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால், அந்த நீர் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலே எழும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவென்றும் பகலென்றும் பாராமல் பம்புகளால் நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பம்பு நின்றால் சுரங்கத்துக்கே ஆபத்து. சக்கர எந்திரம் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

சக்கர எந்திரத்தைப் படம் பிடிக்கிறோம். பம்பை யார் படம் பிடித்தார்கள்? நம் வீட்டுப் பெண்மக்களின் உழைப்பு அந்தப் பம்பு. நிற்காமல் ஓடுகிறது, ஆகவே ஓடுவது நமக்குத் தெரிவதில்லை. நின்றால்தான் தெரியும். நிற்கும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறேன்.

பூட்டிய கதவு

“சரி, பெண்களும் வெளியே வந்து தொண்டு செய்யட்டுமே, யார் தடுத்தார்கள்?” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். யார் தடுத்தார்கள் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

1957ஆம் ஆண்டு, இங்கே சுரங்கப் பணி தொடங்கிய அதே ஆண்டு, அக்டோபர் 2ஆம் நாள். டில்லி ராம்லீலா திடலிலே பண்டித நேரு அமர்ந்திருந்த நிகழ்ச்சியிலே பந்தல் தீப்பற்றியது. அரிச்சந்திர மெஹ்ரா என்னும் பதினான்கு வயதுச் சாரணச் சிறுவன், தன் கத்தியால் பந்தல் துணியைக் கிழித்து வழி செய்து, மக்களைக் காத்தான். அந்தத் தீரம் கண்டுதான் சிறுவர் சிறுமியருக்கு ஆண்டுதோறும் வீரப் பரிசு வழங்கும் வழக்கம் பிறந்தது. அந்தப் பரிசைச் சிறுமிகளும் பெற்றார்கள். தகுதியாலே பெற்றார்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: அந்தச் சிறுவனிடம் நெஞ்சுரம் இருந்தது, கையிலே கத்தியும் இருந்தது, சாரணப் பயிற்சியும் இருந்தது, அந்த இரவிலே அந்தத் திடலிலே நிற்க அனுமதியும் இருந்தது. நெஞ்சுரம் பெண்ணிடமும் உண்டு. மற்ற மூன்றையும் யார் கொடுத்தார்கள்?

சாரணர் இயக்கத்தின் பிறப்பிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. 1909ஆம் ஆண்டு இலண்டன் கிரிஸ்டல் பாலஸ் திடலிலே சாரணச் சிறுவர்களின் பேரணி நடந்தது. அழைப்பில்லாமலே சில சிறுமிகள் சாரண உடை அணிந்து வந்து நின்றார்கள். “நாங்களும் சாரணர்கள்தான், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டார்கள். மறு ஆண்டே அவர்களுக்கென்று ஓர் இயக்கம் தொடங்க வேண்டி வந்தது. யாரும் அழைத்துக் கொடுக்கவில்லை. வந்து நின்று பெற்றார்கள்!

நம் நாட்டிலே சட்டமே கதவைப் பூட்டி வைத்திருந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், நிலத்தடிச் சுரங்கத்திலே பெண்கள் பணியாற்றக் கூடாது என்றது. தரைக்கு மேலே பணியாற்றுவதானாலும் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரைதான் என்று வரையறுத்தது. பாதுகாப்பு கருதிச் செய்தது என்றார்கள். இருக்கலாம். ஆனால் இரவைப் பாதுகாப்பானதாக ஆக்குவதற்குப் பதில், பெண்ணை இரவிலிருந்து அகற்றுவது எளிதாகத் தெரிந்தது. 2019ஆம் ஆண்டிலேதான், எழுத்து மூலமான ஒப்புதலும் தக்க பாதுகாப்பும் உண்டானால், திறந்தவெளிச் சுரங்கத்திலே பெண்கள் இரவிலும் பணியாற்றலாம் என்று மத்திய சர்க்கார் வழி திறந்தது. அறுபத்தேழு ஆண்டுகள்! சட்டப் புத்தகத்துக்கே அறுபத்தேழு ஆண்டுகள் ஆயிற்று என்றால், நம் வீட்டு வாசற்படிக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

மாலை ஆறு மணிக்குமேல் வெளியே போகாதே என்று மகளிடம் சொல்கிறோம். பிறகு, இருட்டிலே வெளியே போய் உதவி செய்தவனுக்குத்தான் பரிசு என்று விதி வைக்கிறோம். ஓட்டப்பந்தயத்திலே ஒருவனுடைய காலைக் கட்டிவிட்டு, ஓடி வந்தவனுக்குக் கோப்பை கொடுத்துவிட்டு, “போட்டி எல்லோருக்கும் பொது” என்று அறிவிப்பது போன்றதல்லவா இது? ஓடி வந்தவன்மீது குற்றமில்லை. கட்டிய கைகள் நம்முடையவை.

என் வீட்டுக் கதை

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் வீட்டுக் கதையை மறைப்பது அழகல்ல.

எனக்குப் பதினான்கு வயது. எங்கள் ஊரிலே ஒரு தெருவின் கூரை வீடுகள் தீக்கிரையாயின. நான் என் நண்பர்களோடு கிணற்றடியிலே நின்று வாளி வாளியாகத் தண்ணீர் சேந்திக் கொடுத்தேன். பள்ளியிலே என்னை அழைத்து நிறுத்தி, கைதட்டி, ஒரு புத்தகத்தைப் பரிசாகத் தந்தார்கள். வீட்டுக்கு ஓடினேன். என் அக்கா, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், எரிந்துபோன ஒரு வீட்டின் மூன்று குழந்தைகளைத் திண்ணையிலே வைத்துக்கொண்டு கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெற்றோர் மறுபடியும் கூரை வேயும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், அந்தக் குழந்தைகளைக் குளிப்பாட்டியவர், ஊட்டியவர், இரவிலே தீயை நினைத்து அலறியபோது அணைத்துக்கொண்டவர் அவர்தான். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய படிப்பை வீட்டிலே நிறுத்தியிருந்தார்கள்.

நான் செய்தது ஒரு மணி நேர வேலை. அவர் செய்தது ஒரு மாத வேலை. பரிசு எனக்கு!

பெருந்தன்மையோடு புத்தகத்தை அவரிடம் நீட்டி, “நீ வேண்டுமானால் முதலிலே படி அக்கா” என்றேன். “எனக்கு எங்கேடா நேரம்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

சென்ற மாதம் அவரைப் பார்த்தேன். எழுபதை நெருங்குகிறார். அந்தத் தீ நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அந்த மூன்று குழந்தைகளின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். பிறகு, “உனக்குப் புத்தகம் கொடுத்தார்களே! எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமையாக இருந்தது!” என்றார். வருத்தம் இல்லை, பொறாமை இல்லை. தமக்கு ஏதேனும் தரப்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. அதுதான் தோழர்களே, என் நெஞ்சைத் தைத்தது. அநீதி எப்போது முழு வெற்றி பெறுகிறது தெரியுமா? அதற்கு ஆளானவரே அதை நியாயம் என்று நம்பும்போது!

பந்தலருகே நின்ற அந்தப் பெண் அப்படி நம்பவில்லை. கேள்வி கேட்டாள். ஐம்பது ஆண்டுகளிலே நாடு அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது. அந்த முன்னேற்றத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

விலங்காகும் பாராட்டு

“அப்படியானால், பொட்டலம் கட்டிய பெண்களையும் மேடைக்கு அழையுங்கள், ஆளுக்கொரு பொன்னாடை போர்த்துங்கள், கணக்குத் தீர்ந்தது” என்று தலைவர் அவர்கள் சொல்லக் கூடும். அழைக்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு கணக்குத் தீராது. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும்.

பெண்ணைப் பாராட்டாத நாடா இது? பொறுமையிலே பூமி என்றோம். குடும்பத்தின் விளக்கு என்றோம். தியாகத்தின் திருவுரு என்றோம். எதற்காகப் பாராட்டினோம்? பொறுத்துக்கொண்டதற்காக! கடைசியிலே உண்டதற்காக! வாய் திறவாததற்காக! அந்தப் பாராட்டிலே மாலை இருந்தது. மாலைக்குள்ளே கயிறும் இருந்தது. ஆணுக்குச் சொல்லும் பாராட்டு, “இன்னும் தொலைவு போ” என்கிறது. பெண்ணுக்குச் சொல்லும் பாராட்டு, “இருந்த இடத்திலேயே இரு” என்கிறது. அடுப்படிக்கு மட்டும் பொன்னாடை போர்த்தினால், அந்தப் பெண்ணை அடுப்படியோடு சேர்த்துக் கட்டியவர்கள் ஆவோம்.

நமது இயக்கம் பெண்ணைப் புகழ்ந்து பேசியதோடு நின்றுவிடவில்லை. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மகாநாடு, பெண்களுக்கும் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று சிரித்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இலே தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. 2005இலே நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. 1973இலே தமிழ்நாட்டுக் காவல்துறையிலே பெண்கள் சேர்க்கப்பட்டபோது, “லத்தி பிடிக்குமா வளைக்கரம்?” என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு, இன்று அந்த ஏளனத்தைச் சொல்ல நாக்கு எழுமா? உள்ளாட்சி மன்றங்களிலே பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இலே இங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2023இலே குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் வந்தபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை. உரிமைத்தொகை என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு சொல்லிலே ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. வீட்டு வேலையும் வேலைதான். அதைச் செய்தவளுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது என்னும் கொள்கை!

பெண் கேட்பது புகழ்ச்சியை அல்ல, உரிமையை. அந்த உரிமை நமது வட்டத்திலே, அடுத்த மழைக்காலத்திலே, எந்த உருவம் எடுக்க வேண்டும்? மூன்றே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது: தொண்டுப் பணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். சமையல், சுமை தூக்குதல், மீட்பு, மருந்து, கணக்கு எழுதுதல் எல்லாவற்றையும் சீட்டிலே எழுதுங்கள். யாருக்கு எது வருகிறதோ அவர் அதைச் செய்யட்டும். இன்றைக்குப் பொன்னாடை பெற்ற தம்பி நாளைக்கு வெங்காயம் உரிக்கட்டும், கண்ணீர் வரட்டும்! நீந்தத் தெரிந்த தங்கை கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்திலே இறங்கட்டும். நீந்தத் தெரியாதவர், ஆணாயினும் பெண்ணாயினும், கரையிலே நிற்கட்டும். அதுதான் அறிவுடைமை.

இரண்டாவது: பெண்மக்கள் வெளியே வரும் வழியைச் செய்து கொடுங்கள். எரியாத தெருவிளக்கை எரிய வையுங்கள். இரவுப் பணி முடிந்தபின் வீடுவரை கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். குழுவிலே பெரியவர்கள் இருக்கட்டும். தாய்மார்களின் அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. காரணத்தை நீக்குவது ஊரின் வேலை. ஊர் பேசும் என்று அந்தத் தாய் பயப்படுகிறார். ஊர் என்பது யார்? நாம்தான்! நாம் பேசாவிட்டால் ஊர் எப்படிப் பேசும்?

மூன்றாவது: தொண்டு வீட்டிலே தொடங்கட்டும். ஊருக்குச் சோறு சுமந்த கை, வீட்டிலே தான் உண்ட தட்டைக் கழுவினால் தேய்ந்துவிடாது. அடுத்த ஆண்டு இந்த மேடையிலே பெயர் படிக்கும் முன்பு, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் போய், “உங்கள் பிள்ளை வீட்டு வேலையிலே பங்கு கொள்கிறானா?” என்று அக்கா தங்கையரைக் கேளுங்கள். தாயைக் கேட்காதீர்கள், தாய் பொய் சொல்லிவிடுவார்! உடன்பிறந்தவள் உண்மை சொல்வாள்.

தம்பிகளே, உங்களிடம்...

இறுதியாக, முன்வரிசைத் தம்பிகளே! இவ்வளவு நேரம் நான் பேசியதைக் கேட்டு, ‘நம்மைப் பாராட்ட வந்தவர் நம்மைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றிவிட்டாரே’ என்று எண்ண வேண்டாம். இந்தக் கணக்கை எழுதியவர்கள் நீங்கள் அல்லர். உங்களுக்கு முன்னே பிறந்த நாங்கள். ஆனால் இதைத் திருத்தி எழுதும் வாய்ப்பு எங்களைவிட உங்களுக்குத்தான் மிகுதி. வெள்ளத்திலே இறங்கிய உங்களுக்கு இது பெரிய காரியமா? முதியவரை முதுகிலே சுமந்த தோளுக்கு ஒரு குடத்தைச் சுமப்பது பாரமா? இருட்டுக்கு அஞ்சாதவர்கள், ‘பெண் வேலை செய்கிறான்’ என்று நாலு பேர் சிரிப்பார்களே என்பதற்கு அஞ்சலாமா?

நான் மேடையேறுமுன் அந்தப் பெண்ணிடம், “நான் என்ன சொல்ல வேண்டும் அம்மா?” என்று கேட்டேன். அவள், “என் தம்பிக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள் ஐயா. அவன் மூன்று நாளும் தூங்கவில்லை. அடுத்த முறை என்னையும் அனுப்பச் சொல்லுங்கள், அது போதும்” என்றாள்.

கேட்டீர்களா? அவள் பொன்னாடை கேட்கவில்லை. தம்பியின் பொன்னாடையிலே பங்கும் கேட்கவில்லை. வேலையைக் கேட்கிறாள். வெள்ளத்திலே இறங்கிப் பிறரைக் காக்கும் உரிமையைக் கேட்கிறாள். இதைவிடப் பெருந்தன்மையான கோரிக்கையை என் பொதுவாழ்விலே நான் கேட்டதில்லை. இதையும் மறுப்போமானால், நாம் நடத்திய இந்தப் பாராட்டுக் கூட்டத்துக்கு என்ன பொருள்?

தலைவர் அவர்கள் எனக்குப் போர்த்திய இந்த ஆடை இதோ என் தோளிலே இருக்கிறது. ஒரு சொற்பொழிவு தவிர நான் எந்தத் தொண்டும் செய்யவில்லை. இதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தால் வாங்க மாட்டாள், எனக்குத் தெரியும். ஆகவே ஆடையை வைத்துவிட்டு, உங்களிடம் ஒரு வாக்குறுதியை மட்டும் கேட்கிறேன். அடுத்த முறை பரவனாறு புரளும்போது, புறப்படும் குழுவின் பட்டியலிலே அந்தப் பெண்ணின் பெயரும், அவளைப் போன்ற பெண்மக்களின் பெயரும் இருக்கும் என்று தலைவர் அவர்கள் இந்த மேடையிலேயே அறிவிக்க வேண்டும். சமையற்கட்டின் பட்டியலிலே முன்வரிசைத் தம்பிகளின் பெயரும் இருக்கும் என்று தம்பிகள் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

சொன்னால், அன்றைக்கு மறுபடியும் என்னை அழையுங்கள். தம்பியையும் தமக்கையையும் ஒருசேரப் பாராட்ட, எத்தனை வயதானாலும் வருவேன்.